கரும்பொருளைக் காட்டுமா நியூட்ரான் விண்மீன்?

இரவு நேரம். பூட்டிக் கிடந்த ஒரு வீட்டுக்குள் நுழைகிறோம். ஆள் அரவம் இல்லை, விளக்கும் இல்லை. அண்மையில் இங்கே யாரேனும் இருந்தார்களா என்பதை எப்படி அறிவது? அடுப்படிக்குச் சென்று சாம்பலைத் தொட்டுப் பார்க்கலாம். பல நாட்களாக எரியாத அடுப்பு என்றால் சாம்பல் சில்லென்று இருக்கும். வெதுவெதுப்பாக இருந்தால் யாரோ விறகு வைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஆளைக் காணாமலேயே, ஆள் வந்து போனதை அடுப்பு சொல்லிவிடுகிறது.

வானியல் அறிஞர்கள் இன்று ஏறத்தாழ இதே வேலையில் இறங்கியிருக்கிறார்கள். அவர்கள் தேடும் ஆள், கரும்பொருள். அவர்கள் தொட்டுப் பார்க்க விரும்பும் அடுப்பு, எரிந்து ஓய்ந்து ஆறிப்போன நியூட்ரான் விண்மீன்.

கரும்பொருள் என்றால் என்ன?

1933ஆம் ஆண்டில் பிரிட்ஸ் ஸ்விக்கி என்ற சுவிட்சர்லாந்து நாட்டு வானியலார், அமெரிக்காவில் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிக் கொண்டிருந்தார். கோமா கொத்து எனப்படும் விண்மீன் மண்டலங்களின் பெருங்கூட்டத்தை அவர் ஆராய்ந்தார். அதிலுள்ள மண்டலங்கள் நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவிலான வேகங்களில் ஓடிக்கொண்டிருந்தன. கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களின் ஈர்ப்பு மட்டுமே அவற்றைக் கட்டிப் பிடித்திருக்கிறது என்றால் அந்தக் கூட்டம் எப்போதோ சிதறிப் போயிருக்க வேண்டும். சிதறவில்லை. ஆகவே, ஒளி தராத வேறொரு பொருள் அங்கே பெருமளவில் இருக்கிறது என்று ஸ்விக்கி முடிவு கட்டினார்.

அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் மிகச் சிலரே. 1970இல் வேரா ரூபின், கென்ட் போர்டு ஆகிய இருவரும் ஆண்டிரோமிடா மண்டலத்தின் சுழற்சியை அளந்தார்கள். நம் சூரியக் குடும்பத்தில், சூரியனுக்கு அருகிலுள்ள புதன் நொடிக்கு 47 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது, தொலைவிலுள்ள நெப்டியூன் நொடிக்கு 5 கி.மீ. அளவிலேயே ஊர்கிறது. விலக விலக வேகம் குறைவது இயல்பு. ஆண்டிரோமிடாவின் வெளிப்புறத்திலோ வேகம் எதிர்பார்த்தபடி குறையவில்லை. அங்கேயும் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று ஈர்த்துக் கொண்டிருக்க வேண்டும். பின்னர் ஆராயப்பட்ட பிற மண்டலங்களும் இதே கதையைச் சொல்லின.

பேரண்டத்திலுள்ள பொருள் அனைத்தையும் 100 பங்காக வைத்துக்கொண்டால், நாம் அறிந்த அணுக்களால் ஆனது ஏறத்தாழ 15 பங்குதான். மீதி 85 பங்கு கரும்பொருள். 'கரும்' என்ற அடைமொழியைக் கண்டு அது கரியைப் போல் கறுத்தது என எண்ணிவிடக் கூடாது. கரி ஒளியை விழுங்கும். கரும்பொருளோ ஒளியை உமிழ்வதும் இல்லை, விழுங்குவதும் இல்லை, தடுப்பதும் இல்லை. ஈர்ப்பு ஒன்றினால் மட்டுமே அது தன் இருப்பை உணர்த்துகிறது. அது எத்தகைய துகள்களால் ஆனது என்ற கேள்விக்குத் தொண்ணூறு ஆண்டுகள் கடந்தும் விடை கிடைக்கவில்லை.

பூமிக்கடியில் காத்திருப்பு

கரும்பொருள் எங்கோ தொலைவில் மட்டும் இருப்பதன்று. நம் அறைக்குள்ளும் இருக்கிறது. நம் உடலையும் ஊடுருவிச் சென்று கொண்டிருக்கிறது. ஆனால் மிகவும் மெல்லியது. பூமியின் கன அளவு முழுவதற்குள்ளும் ஒரு நேரத்தில் இருக்கக்கூடிய கரும்பொருளைத் திரட்டி எடை போட்டால் அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரைதான் தேறும்!

இத்துகள்களில் ஒன்றாவது ஓர் அணுவின் உட்கருவில் மோதாதா என்று காத்திருக்கும் உணர்கருவிகள் உலகின் பல இடங்களில் அமைக்கப்பட்டுள்ளன. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களின் தொல்லையைத் தவிர்க்க அவற்றை மலைக்கு அடியிலோ சுரங்கத்திலோ வைக்கிறார்கள். அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவிலுள்ள பழைய தங்கச் சுரங்கத்தில், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில், 7 டன் திரவ செனானைக் கொண்டு மோதல்களைக் கண்காணிக்கும் கருவி ஒன்று இயங்குகிறது. இத்தாலியிலும் சீனாவிலும் இத்தகைய கருவிகள் உண்டு. இவற்றில் எதிலும் இதுவரை கரும்பொருளின் ஐயமற்ற தடம் பதியவில்லை.

இக்கருவிகள் வியக்கத்தக்க நுட்பம் வாய்ந்தவை. எனினும் அவற்றுக்கும் எல்லை உண்டு. கரும்பொருள் துகள் மிக இலேசானது என்று வைத்துக்கொள்வோம். அது செனான் உட்கருவில் மோதுவது, கடுகு ஒன்று ஆட்டுக்கல்லில் மோதுவது போல. ஆட்டுக்கல் அசைந்ததை எப்படி அளப்பது? மாறாக, துகள் மிகக் கனமானது என்று வைத்துக்கொண்டால் வேறொரு சிக்கல். மொத்த எடை மாறாததால், துகள் கனமாக ஆக எண்ணிக்கை குறையும். அப்போது 7 டன் செனானை ஆண்டுக்கு ஒரு துகள்கூடக் கடக்காமல் போகலாம். மூன்றாவதாக, வேகமாக மோதினால் மட்டுமே வினை புரியும் இயல்புடைய துகள்களும் இருக்கக் கூடும். பூமியின் அருகே கரும்பொருள் நொடிக்குச் சில நூறு கி.மீ. வேகத்திலேயே வருகிறது. அந்த வேகம் போதாது.

அப்படியானால் வேண்டுவது என்ன? இன்னும் பெரிய, இன்னும் அடர்ந்த, துகள்களை இன்னும் வேகமாக இழுத்துக்கொள்ளும் ஓர் உணர்கருவி. அதை நம்மால் கட்ட முடியாது. ஆனால் இயற்கை கட்டி வைத்திருக்கிறது.

விண்மீனின் எச்சங்கள்

விண்மீன் எரியும் வரை, உள்ளிருந்து எழும் வெப்பம் அதன் ஈர்ப்பைத் தாங்கி நிற்கிறது. எரிபொருள் தீர்ந்ததும் ஈர்ப்பின் கை ஓங்குகிறது. சூரியனைப் போன்ற விண்மீன், பூமியின் அளவுக்குச் சுருங்கி வெண் குள்ளனாகிறது. வெண் குள்ளனுக்கும் தாங்கும் எல்லை ஒன்று உண்டு என்று காட்டியவர் எஸ். சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்து 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியபோது அவருக்கு வயது 19. அந்தப் பயணத்தின்போதே இக்கணக்கில் அவர் இறங்கிவிட்டார். சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு நிறைக்கு மேல் எந்த வெண் குள்ளனும் நிலைத்திருக்க முடியாது என்பதே சந்திரசேகர் எல்லை. 1983இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அந்த எல்லையைத் தாண்டினால்? பெரிய விண்மீன்களின் நடுப்பகுதி மேலும் நொறுங்கி, எலெக்ட்ரான்களும் புரோட்டான்களும் இணைந்து பெரும்பாலும் நியூட்ரான்களாகவே ஆகிவிடுகின்றன. இதுவே நியூட்ரான் விண்மீன். நியூட்ரான் 1932இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1934இலேயே இத்தகைய விண்மீன்கள் இருக்கக்கூடும் என்று வால்டர் பாடே என்பவரும் இன்னொருவரும் எழுதினார்கள். அந்த இன்னொருவர் யார் தெரியுமா? கரும்பொருளைச் சொன்ன அதே ஸ்விக்கிதான்! 1967இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோசலின் பெல், வானொலித் தொலைநோக்கியின் பதிவுகளில் கடிகாரம் போல் ஒழுங்காக வந்த துடிப்புகளைக் கண்டார். பல்சர்கள் எனப்படும் அவை சுழலும் நியூட்ரான் விண்மீன்களே என்பது விரைவில் உறுதியாயிற்று.

நியூட்ரான் விண்மீனின் ஆரம் ஏறத்தாழ 12 கி.மீ. ஒரு நகரத்தின் அளவு. ஆனால் நிறையோ சூரியனைவிட மிகுதி. அதில் ஒரு சர்க்கரைக் கட்டி அளவு எடுத்தால் எடை ஏறத்தாழ 40 கோடி டன் இருக்கும்.

12 கிலோமீட்டர் வலை

விண்பொருள்கள் கரும்பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடும் என்ற கருத்தை, சூரியனை முன்வைத்து 1985இல் வில்லியம் பிரஸ், டேவிட் ஸ்பெர்கல் ஆகியோர் கணக்கிட்டனர். 1989இல் கோல்ட்மன், நுசினோவ் என்ற இருவர் அதையே நியூட்ரான் விண்மீனுக்குப் பொருத்திப் பார்த்தனர். நியூட்ரான் விண்மீன் மூன்று வகையில் மிகச் சிறந்த வலையாக அமைகிறது.

முதலாவது, அதன் இழுக்கும் ஆற்றல். விண்மீனின் ஆரம் 12 கி.மீ. தான் என்றாலும், 10,000 கி.மீ. தள்ளிச் செல்ல வேண்டிய துகள்கூட ஈர்ப்பினால் வளைக்கப்பட்டு அதன் மேல் வந்து விழும்.

இரண்டாவது, அடர்த்தி. ஒரு நியூட்ரான் விண்மீனில் உள்ள நியூட்ரான்களின் எண்ணிக்கையை எழுத 1 போட்டு 57 சுழிகள் இட வேண்டும். பூமியை எதிலும் மோதாமல் கடந்து செல்லும் துகள், இங்கே ஒரு முறை கடப்பதற்குள்ளேயே ஏதேனும் ஒரு நியூட்ரானில் மோதிக்கொள்ள நேரும்.

மூன்றாவது, வேகம். விழும் துகள் மேற்பரப்பை எட்டும்போது ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தைப் பெற்றுவிடுகிறது. மெதுவான மோதலில் வினை புரியாத துகளும் இங்கே தப்ப முடியாது. கடுகுபோல் இலேசான துகளும் நன்றாக உறைக்கும்படி மோதும்.

மோதிய துகள் வேகத்தை இழக்கிறது. விண்மீனின் பிடியிலிருந்து மீள முடியாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. அது இழந்த ஆற்றல் வெப்பமாக மாறுகிறது.

ஆறாத அடுப்பு

ஒரு நியூட்ரான் விண்மீனில் இவ்வாறு விழக்கூடிய கரும்பொருள் எவ்வளவு? நம் சூரியனின் சுற்றுப்புறத்தில் என்றால் நொடிக்குச் சில பத்து கிராம். ஒரு கைப்பிடி அரிசி என்று சொல்லலாம். சூரியனை மிஞ்சும் நிறையுள்ள ஒரு பொருளை ஒரு கைப்பிடியால் சூடாக்க முடியுமா?

முடியும். சூரியனில் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும்போது அதன் நிறையில் 0.7 சதவீதமே ஆற்றலாகிறது. நியூட்ரான் விண்மீனில் விழும் பொருளோ, விழுந்த வேகம் ஒன்றினாலேயே தன் நிறையின் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட அளவுக்கு ஈடான ஆற்றலைத் தருகிறது. மேலும், சூடாக வேண்டிய மேற்பரப்பு மிகச் சிறியது.

2017இல் மாஷா பர்யாக்தர், ஜோசப் பிராமண்டே, நிர்மல் ராஜ் முதலிய ஐவர் இக்கணக்கை விரிவாகச் செய்து வெளியிட்டனர். வரும் கரும்பொருள் முழுவதும் பிடிபட்டால், பழைய நியூட்ரான் விண்மீனின் வெப்பநிலை, தொலைவிலிருந்து பார்க்கும் நமக்கு ஏறத்தாழ 1,750 கெல்வினாகத் தெரியும் என்பது அவர்கள் கண்ட முடிவு. கொல்லன் உலையில் உருகும் நிலையை நெருங்கிவிட்ட இரும்பின் சூடு அது. பிடிபட்ட துகள்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இயல்புடையவை என்றால் வெப்பம் இன்னும் சற்றுக் கூடும். இந்த வெப்பம் பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிர்களாக வெளிப்படும்.

கரும்பொருள் விழாவிட்டால் என்ன ஆகும்? பிறக்கும்போது பல்லாயிரம் கோடி கெல்வினில் இருக்கும் நியூட்ரான் விண்மீன் விரைந்து ஆறுகிறது. நூறு கோடி ஆண்டுகள் கழிந்தபின் அது சில நூறு கெல்வினுக்கும் கீழே போயிருக்க வேண்டும். ஆகவே மிகப் பழைய விண்மீன் ஒன்றைத் தேடிப் பிடித்து அதன் சூட்டை அளந்தால் போதும். அடுப்பில் விறகு வைத்தவர் உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

எங்கே இருக்கிறது சிக்கல்?

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. செய்வது கடினம். 1,750 கெல்வினில் உள்ள ஒரு நியூட்ரான் விண்மீனின் ஒளி, சூரியனின் ஒளியில் பல்லாயிரம் கோடியில் ஒரு பங்கு. 2021 டிசம்பர் 25இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி அகச்சிவப்புக் கதிர்களைக் காண்பதில் வல்லது. அதற்குக்கூட இத்தகைய விண்மீன் ஏறத்தாழ 30 ஒளியாண்டுகளுக்குள் இருந்தால்தான் பிடிபடும். நாம் அறிந்த நியூட்ரான் விண்மீன்களில் மிக அருகிலிருப்பவையோ 400 ஒளியாண்டு அளவில் உள்ளன. தொலைவு 13 மடங்கு கூடினால் ஒளி 170 மடங்கு மங்கும் அல்லவா?

இதுவரை அளக்கப்பட்டவற்றில் மிகக் குளிர்ந்தவற்றுள் ஒன்று, ஜே 2144-3933 என்ற எண் கொண்ட பல்சர். தன்னைத் தானே ஒருமுறை சுற்ற 8.5 நொடிகள் எடுத்துக்கொள்ளும் சோம்பேறிப் பல்சர் இது. வயது ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகள். ஹபிள் தொலைநோக்கி கொண்டு இதனைப் பார்த்தபோது ஒளியே தென்படவில்லை. எனவே இதன் வெப்பநிலை 42,000 கெல்வினுக்குக் குறைவு என்று 2019இல் அறிவிக்கப்பட்டது. அதற்குக் கீழே எவ்வளவு என்பதுதான் தெரிய வேண்டும். 42,000 எங்கே, 1,750 எங்கே!

இன்னொரு சிக்கலும் உண்டு. அடுப்பு வெதுவெதுப்பாக இருந்தால் விறகு வைத்தது யார் என்ற கேள்வி எழும். ஜே 0437-4715 என்ற பல்சர் பல நூறு கோடி ஆண்டு வயதுடையது; எனினும் அதன் மேற்பரப்பு ஏறத்தாழ ஒரு லட்சம் கெல்வினில் இருக்கிறது. இந்தச் சூட்டுக்குக் கரும்பொருள் காரணமாக இருக்க முடியாது; அது தரக்கூடிய வெப்பம் இவ்வளவு இல்லை. நொடிக்கு 170 முறைக்கு மேல் சுழலும் அந்த விண்மீனின் சுழற்சி மெல்ல மெல்லக் குறையும்போது உள்ளே நிகழும் உராய்வும் வினைகளும் அதைச் சூடாக்கக் கூடும்.

ஆகவே சூடான விண்மீன் ஒன்று கிடைத்தால் அது ஐயத்துக்கு இடமளிக்கும். ஆனால் குளிர்ந்த விண்மீன் கிடைத்தால்? கரும்பொருள் பிடிபட்டிருந்தால் 1,750 கெல்வினுக்குக் கீழே அது போயிருக்கவே முடியாது. 1,000 கெல்வினில் ஒரே ஒரு பழைய விண்மீன் கிடைத்தாலும் போதும். நியூட்ரான்களோடு அந்த அளவுக்கு மோதக்கூடிய கரும்பொருள் வகைகள் அனைத்தும் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். சூட்டைவிடக் குளிர்ச்சியே இங்கே உறுதியான சாட்சி.

உயிரோடிருப்பதே சாட்சி

வெப்பத்தை அளக்காமலேயே நியூட்ரான் விண்மீன்கள் வேறொரு செய்தியும் சொல்கின்றன. பிடிபட்ட கரும்பொருள் துகள்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளாத வகையைச் சேர்ந்தவை என்று கொள்வோம். அவை விண்மீனின் நடுவில் சென்று குவிந்துகொண்டே இருக்கும். குவியல் ஓர் அளவைத் தாண்டினால் தன் எடையைத் தானே தாங்காமல் நொறுங்கி, ஒரு சிறு கருந்துளையாகிவிடலாம். அந்தக் கருந்துளை, பழத்துக்குள் இருக்கும் வண்டு போல, உள்ளிருந்தே விண்மீனை அரித்துத் தின்றுவிடும். கருந்துளை மிகமிகச் சிறியதாக இருந்தால் மட்டும், வளர்வதற்குள் ஹாக்கிங் கூறிய கதிர்வீச்சினால் தானே ஆவியாகி மறைந்துபோகும்.

பல நூறு கோடி ஆண்டு வயதுள்ள நியூட்ரான் விண்மீன்கள் இன்றும் வானில் இருக்கின்றன. எனவே அவற்றை அதற்குள் தின்று தீர்த்திருக்கக்கூடிய கரும்பொருள் வகைகள் இருக்க முடியாது என்று ஒதுக்கிவிடலாம். ஒரு பழைய விண்மீன் அழியாமல் இருப்பதே ஒரு பரிசோதனை முடிவாகிவிடுகிறது!

நம் பால்வழி மண்டலத்தின் மையத்தில் கரும்பொருள் செறிந்திருக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது. அங்கே பல்சர்கள் நிறைய இருக்க வேண்டும். கண்டவை மிகச் சிலவே. அவை கருந்துளைகளாக மாறியிருக்குமோ என்று 2014இல் சிலர் கேட்டனர். ஆனால் இடையிலுள்ள வாயு மண்டலங்கள் பல்சர்களின் துடிப்பைக் கலைத்து மறைப்பதாலும் அவை தென்படாமல் போகலாம். மையத்துக்கு மிக அருகில், கடுங்காந்தப் புலம் கொண்ட ஒரு நியூட்ரான் விண்மீன் 2013இல் கண்டுபிடிக்கப்பட்டும் உள்ளது. வழக்கு இன்னும் முடியவில்லை.

வெண் குள்ளர்களும் ஆக்சியான்களும்

வெண் குள்ளர்களும் இத்தேடலில் பங்கு கொள்கிறார்கள். விருச்சிக ராசியில் கேட்டை விண்மீனின் அருகே எம் 4 என்ற விண்மீன் கொத்து உள்ளது. அதிலுள்ள பழைய வெண் குள்ளர்களை ஹபிள் கண்டிருக்கிறது. அவை குளிர்ந்திருக்கும் அளவைக் கொண்டு கரும்பொருளுக்கு வரம்பு கட்ட முயன்றிருக்கிறார்கள். ஆனால் அக்கொத்தில் கரும்பொருள் எவ்வளவு இருக்கிறது என்பது உறுதியாகாததால் அந்த வரம்பும் உறுதியாகவில்லை.

கரும்பொருள் என்பது ஆக்சியான் எனப்படும் மிகமிக இலேசான துகளாகவும் இருக்கலாம். அதைப் பிடிக்க நியூட்ரான் விண்மீனின் வெப்பம் உதவாது. காந்தப் புலம் உதவும். பூமியின் காந்தப் புலம் ஏறத்தாழ அரை காஸ். நியூட்ரான் விண்மீனிலோ லட்சம் கோடி காஸ் சாதாரணம். இவ்வளவு வலிய புலத்தில் ஆக்சியான், வானொலி அலையாக மாறக்கூடும். அந்த அலையின் அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது ஆக்சியானின் நிறை. ஆகவே வானொலித் தொலைநோக்கியைத் திருப்பி, ஒரே அதிர்வெண்ணில் மெல்லிய கீற்று ஏதேனும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் கிரீன் பேங்க், ஜெர்மனியின் எபல்ஸ்பெர்க் ஆகிய பெருந்தொலைநோக்கிகள் இவ்வாறு தேடிய முடிவுகள் 2020இல் வெளியாயின. கீற்று தென்படவில்லை, தேடல் தொடர்கிறது.

இனி என்ன?

நம் பால்வழி மண்டலத்தில் குறைந்தது 10 கோடி நியூட்ரான் விண்மீன்களாவது இருக்க வேண்டும் என மதிப்பிடப்படுகிறது. நாம் பல்சர்களாகக் கண்டறிந்தவை சில ஆயிரங்களே. மற்றவை ஓய்ந்து, ஒலியடங்கி, இருளில் திரிகின்றன. அவற்றில் ஒன்றிரண்டு 30 ஒளியாண்டுக்குள்ளேயே இருக்கக்கூடும் என்று கணக்கு சொல்கிறது. அதைக் கண்டுபிடிப்பதே முதல் வேலை. சீனாவில் 2016இல் கட்டி முடிக்கப்பட்ட 500 மீட்டர் வானொலித் தொலைநோக்கி போன்றவை மங்கலான பல்சர்களைத் தேடி வருகின்றன. இடம் தெரிந்துவிட்டால், ஜேம்ஸ் வெப்பையோ, சிலி நாட்டில் கட்டப்பட்டு வரும் 39 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கியையோ அதன் பக்கம் திருப்பலாம்.

ஸ்விக்கி அடுத்தடுத்து இரண்டு கருத்துகளைச் சொன்னார். ஒன்று கரும்பொருள், மற்றொன்று நியூட்ரான் விண்மீன். இரண்டையும் பலர் அன்று நம்பவில்லை. 1974இல் அவர் மறைவதற்குள் இரண்டாவது கருத்து மெய்ப்பட்டுவிட்டது. முதலாவது இன்னும் புதிராகவே நிற்கிறது. அவர் சொன்ன இரண்டாவது பொருளைக் கொண்டே முதலாவதின் புதிரை அவிழ்க்கும் நாள் வரக்கூடும். அதற்கு வேண்டுவது, அருகில் எங்கோ இருளில் கிடக்கும் ஒரு பழைய அடுப்பும், அதன் சாம்பலைத் தொட்டுப் பார்க்கும் அளவுக்கு நீண்ட ஒரு கையும்தான்.